ஹெலி தானே உயரம் பிடிப்பதற்கு முன்

குவாட்காப்டரில் பறந்து பழகிவிட்டு, ரேடியோவில் இயங்கும் ஒற்றை ரோட்டர் மாடல் ஹெலிகாப்டருக்கு வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். "குவாட் வாங்கின அன்னைக்கே ஸ்டிக்கை விட்டா அந்தரத்துல நிக்குது. ஹெலியிலயும் அதே ஆட்டோபைலட் போர்டுதான், அதே சென்சார்தான். உயரத்தைப் பிடிச்சு வைக்க மட்டும் ஏன் இவ்வளவு பாடு?"

நியாயமான கேள்வி. ஆல்டிட்யூட் ஹோல்டு, அதாவது தானே உயரத்தைப் பிடித்து வைப்பது, ஹெலியில் வரிசையில் கடைசி வேலை. பிளேடு, ஷாஃப்ட், பேரிங், கவர்னர், டெயில், சாய்வுக் கட்டுப்பாடு என்று அதற்கு முன்னால் நிற்கிற ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும். இவற்றில் எது கெட்டாலும் கடைசியில் உயரத்தில்தான் தெரியும். ஹெலி மெல்ல மேலேயும் கீழேயும் ஊஞ்சலாடும், இல்லாவிட்டால் ஸ்டிக்கைத் தொடாமலே விருட்டென்று மேலே போகும். உடனே லேப்டாப்பைத் திறந்து பிஐடி எண்களை (பிழையை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகத் திருத்துவது என்று ஆட்டோபைலட்டுக்குச் சொல்லும் எண்கள்) மாற்ற உட்கார்ந்துவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் அந்த எண்களில் இருக்காது.

முதலில், தூக்குவது எப்படி என்பதிலேயே இரண்டும் வேறு. குவாட் மேலே போக வேண்டுமென்றால் நான்கு மோட்டார்களும் வேகமாகச் சுற்றும், இறங்க வேண்டுமென்றால் மெதுவாகச் சுற்றும். கலெக்டிவ் பிட்ச் ஹெலியில், அதாவது எல்லாப் பிளேடுகளின் கோணமும் ஒன்றாக மாறும் ஹெலியில், ரோட்டர் வேகம் மாறவே கூடாது. 600 அளவு (பிளேடு நீளம் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்) ஹெலி என்றால், நிதானமாகப் பறக்கும்போது நிமிடத்துக்கு 1800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தைக் கவர்னர் பிடித்து வைத்திருக்கும். உயரம் மாற வேண்டுமானால் பிளேடின் கோணம் மாற வேண்டும். சர்வோ எனும் மூன்று சிறு மோட்டார்களும் சேர்ந்து, ரோட்டருக்கு அடியில் பிளேடுகளோடு இணைந்த தட்டான ஸ்வாஷ்பிளேட்டை ஏற்றினால் கோணம் கூடும், இறக்கினால் குறையும். இன்னும் இறக்கினால் கோணம் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், ஹெலியைத் தரையை நோக்கித் தள்ளும். தலைகீழாகப் பறக்க முடிவது இதனால்தான்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கனமான ரோட்டர் வேகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வோ அசைந்த கணத்தில் தூக்குவிசை மாறிவிடும். கையால் பறப்பவருக்கு இது வரம். ஆட்டோபைலட்டுக்கோ, தப்பான கட்டளையும் அதே வேகத்தில் நிறைவேறிவிடும் என்று அர்த்தம். குவாட்டில் தவறான ஒரு சென்சார் அளவு மோட்டாரின் மந்தத்தில் கொஞ்சம் கரைந்துபோகும். ஹெலியில் அது நேராகப் பிளேடுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பிளேடின் நுனி 1800 சுற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 127 மீட்டர் வேகத்தில் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல்.

ஹெலிக்கு நிலைப்படுத்தல் வந்த கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ரேடியோவில் இயங்கும் ஹெலிகாப்டரை நம்பிப் பறக்கவிடலாம் என்று காட்டியவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது மின்னணு உதவி எதுவும் கிடையாது. ரோட்டருக்குக் குறுக்கே ஒரு கம்பி, அதன் இரு முனையிலும் சிறு துடுப்பு. இதுதான் ஃப்ளைபார். ரோட்டரோடு சேர்ந்து சுற்றுவதால் தன் தளத்தை விட்டு எளிதில் விலகாது. உடல் சட்டென்று சாய்ந்தால், பிளேடின் கோணத்தைத் திருத்தி அந்தச் சாய்வை மட்டுப்படுத்தும். முழுக்க முழுக்க இயந்திர வேலை. அந்தக் காலத்தில் வாலைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு. கலெக்டிவை உயர்த்தினால் முறுக்குவிசை கூடும், வால் சுற்றும், கால இடைவெளி இல்லாமல் டெயில் ஸ்டிக்கைத் திருத்த வேண்டும்.

அதனால், சுழல்வதை உணரும் ஜைரோ முதலில் குடியேறிய இடம் வால். ஆரம்பத்தில் உள்ளே நிஜமாகவே ஒரு சக்கரம் சுற்றும் ஜைரோக்கள், அப்புறம் பீசோ, அப்புறம் சிலிக்கானில் செதுக்கிய மெம்ஸ். அதைவிட முக்கியமான மாற்றம் ஹெடிங் ஹோல்டு. பழைய ரேட் ஜைரோ வால் சுற்றும்போது மட்டும் எதிர்த்துத் தள்ளும். சுற்றல் நின்றதும், எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கேயே விட்டுவிடும். ஹெடிங் ஹோல்டு, எவ்வளவு திரும்பினோம் என்று கூட்டி வைத்துக்கொண்டு பழைய திசைக்கே திருப்பிக் கொண்டுவரும். ஃபுட்டாபாவின் ஜிஒய்401 போன்ற ஜைரோக்கள் வந்தபின், ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) பழகுகிறவர்கள் வாலைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கவனிக்க முடிந்தது. அசைவை எதிர்ப்பது ஒன்று, இடத்தை நினைவில் வைத்திருப்பது இன்னொன்று. உயரம் பற்றிப் பேசும்போதும் இதே வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப வரும்.

பிறகு ஃப்ளைபாரும் போனது. மூன்று அச்சு ஜைரோவும் ஒரு நுண்செயலியும் அதன் வேலையைச் செய்தன. ஆனால் ஃப்ளைபார் இல்லாத ஹெலி தானாக நிமிர்ந்து நிற்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நிமிராது. சாய்த்துவிட்டு ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்தச் சாய்விலேயே இருக்கும், அந்தப் பக்கமே வழுக்கிக்கொண்டு போகும். தரை எந்தப் பக்கம் என்று ஜைரோவுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் செய்துபார்த்த வழிகள் அழகானவை. எஃப்எம்ஏ நிறுவனத்தின் கோபைலட் அகச்சிவப்பு சென்சார்களால் நாலாபக்கமும் பார்த்தது. வானம் குளிர்ச்சி, தரை வெப்பம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து அடிவானத்தை ஊகித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஹெலிகமாண்ட், வயிற்றுப் பக்கம் ஒரு சிறிய கேமராவை வைத்துத் தரையின் வடிவங்கள் நகர்வதைப் பார்த்து ஹெலியை ஒரே இடத்தில் நிறுத்தியது. பல்கலைக்கழகங்கள் இன்னும் துணிந்தன. 1995-இல் ஸ்டான்ஃபோர்டு அணி, நான்கு ஜிபிஎஸ் ஆண்டெனாக்களை ஹெலியின் மேல் வெவ்வேறு இடங்களில் பொருத்தி, அந்தச் சமிக்ஞைகளின் கட்ட வேறுபாட்டிலிருந்தே இருப்பிடத்தையும் சாய்வையும் கணக்கிட்டுப் பறக்கவிட்டு, அந்த ஆண்டின் வான்வழி ரோபோப் போட்டியை வென்றது. வயல்களில் மருந்து தெளிக்கும் யமஹா ஆர்மேக்ஸ் 1997-இல் வந்தது. 2008 வாக்கில் அதே ஸ்டான்ஃபோர்டில் பீட்டர் அபீல், ஆடம் கோட்ஸ், ஆண்ட்ரூ இங் குழுவினர், தேர்ந்த விமானியின் பறப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஹெலி தானே சாகசம் செய்வதைக் காட்டினார்கள். இன்று ஹெலியைத் தானே பறக்கவைக்கும் நிரல், ஆர்டுபைலட் என்ற திறந்த மூல ஆட்டோபைலட் மென்பொருளில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் இருந்தது பத்துப் பதினைந்து வருடத்தில் நம் மேசைக்கு வந்துவிட்டது.

சரி, உயரத்துக்கு வருவோம்.

ஹெலிக்குத் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? முதல் சாட்சி பாரோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டி ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும். மொத்த அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு மாற்றத்தைப் பார்த்து "ஒரு மீட்டர் ஏறிவிட்டோம்" என்று சொல்ல வேண்டும். எம்எஸ்5611 போன்ற சிறு சில்லுகள் 10 சென்டிமீட்டர் வரை பிரித்துச் சொல்லும் என்பது என்னை இன்னமும் வியக்கவைக்கும். ஆனால் அது அளப்பது காற்றை. ஹெலியைச் சுற்றியிருக்கும் காற்றோ அமைதியாக இருப்பதே இல்லை. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு துளையில் நேராக மோதினால் 60 பாஸ்கல் அழுத்தம் கூடும். பாரோமீட்டரின் கணக்கில் அது 5 மீட்டர். முன்னோக்கிப் பறந்துவிட்டு நிறுத்தும்போது ஹெலி காரணமில்லாமல் ஏறி இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அதனால்தான் அந்தச் சில்லின் மேல் திறந்த துளைகள் கொண்ட ஃபோம் துண்டு ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள். கறுப்பு ஃபோமாக இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் எம்எஸ்5611-இன் மேல் வெயில் பட்டால் அளவே மாறிவிடும். மேகம் விலகியதும் ஹெலி தானாக நகர்ந்தால் எந்தப் பிஐடியைத் திருத்துவீர்கள்? ஃபோமைத் துளையின் மேல் அழுத்தி ஒட்டிவிடவும் கூடாது. காற்று மெதுவாகக் கசிந்து வர வேண்டும், மோதி வரக் கூடாது.

இரண்டாவது சாட்சி ஆக்ஸிலரோமீட்டர். இது உடனுக்குடன் பேசும். காற்றைப் பற்றி இதற்குக் கவலை இல்லை. முடுக்கத்தை ஒருமுறை கூட்டினால் வேகம், இன்னொருமுறை கூட்டினால் தூரம். ஆனால் பிழையும் அதே இரண்டு முறை கூடும். வினாடிக்கு வினாடி 0.01 மீட்டர் என்ற மிகச் சிறிய பிழை, 10 வினாடியில் அரை மீட்டராகும், ஒரு நிமிடத்தில் 18 மீட்டராகும். ஆக, ஒருவர் மெதுவாக உண்மை சொல்கிறார், நடுநடுவே காற்று அவரை ஏமாற்றுகிறது. மற்றவர் வேகமாகச் சொல்கிறார், நேரம் போகப்போகப் பொய்யாகிறது. குறுகிய நேரத்துக்கு ஆக்ஸிலரோமீட்டரையும் நீண்ட நேரத்துக்குப் பாரோமீட்டரையும் நம்பி, இரண்டையும் கலப்பதுதான் மதிப்பீட்டு வடிகட்டியின் வேலை. கால்மன் வடிகட்டி என்று பெரிய பெயர் வைத்தாலும் அடிப்படை இதுதான்.

ஜிபிஎஸ் உதவாதா என்று கேட்பார்கள். கிடைமட்டத்தில் நன்றாகவே உதவும். உயரத்தில் எப்போதும் கொஞ்சம் பலவீனம், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே ஒன்றுகூட இல்லை. தரையை நோக்கிய லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளப்பது) இறங்கும்போது அருமையாக உதவும். உயரமான புல்லும் தண்ணீரும் அதைக் குழப்பும்.

இப்போது ஹெலியில் எல்லாவற்றையும் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அதிர்வு.

1800 சுற்று என்றால் வினாடிக்கு 30 சுற்று. ரோட்டரின் சமநிலை கொஞ்சம் தவறியிருந்தால் ஹெலி முழுவதும் 30 ஹெர்ட்ஸில் ஆடும். இரண்டு பிளேடு என்பதால், எவ்வளவுதான் சமன்செய்தாலும் 60 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு இருக்கவே செய்யும். டெயில் ரோட்டர் நான்கரை மடங்கு வேகத்தில் சுற்றினால் அது 135 ஹெர்ட்ஸ். இவற்றோடு பல்சக்கரம், மோட்டார், பேரிங் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். ஆட்டோபைலட் போர்டை இதையெல்லாம் தாங்கும் சட்டத்தின் மேல்தான் ஒட்டுகிறோம்.

அதிர்வு அதிகமானால் அளவில் கொஞ்சம் கரகரப்பு வரும், அவ்வளவுதானே, சராசரி எடுத்தால் போய்விடாதா? இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். போகாது. ஒரு பொதுவான ஆக்ஸிலரோமீட்டரால் மேலும் கீழும் 16 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) வரைதான் அளக்க முடியும். ஹோவரில் நிற்கும் ஹெலியில் அது 1 ஜி காட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் 20 ஜி அளவுக்கு அதிர்வு ஏறினால், உண்மையான அளவு மேலே 21-க்கும் கீழே 19-க்கும் இடையில் ஆடும். சென்சார் இரண்டு பக்கமும் 16-இல் வெட்டிவிடும். மேல்பக்கம் 5 போயிற்று, கீழ்பக்கம் 3 தான் போயிற்று. சராசரி 1 ஜியைவிடக் குறைந்துவிட்டது. 1 ஜிக்குக் குறைவு என்றால் ஆட்டோபைலட்டுக்கு என்ன அர்த்தம்? "விழுந்துகொண்டிருக்கிறோம்." உடனே கலெக்டிவை ஏற்றும். ஹெலி மேலே போகும். கலெக்டிவ் ஏறியதால் அதிர்வும் கூடும், சராசரி இன்னும் குறையும், இன்னும் ஏற்றும். பாரோமீட்டர் "ஏறுகிறோம், ஏறுகிறோம்" என்று சொன்னாலும் அந்தக் குரல் மெதுவாகத்தான் எடுபடும். ஆல்டிட்யூட் ஹோல்டை இயக்கியதும் ஹெலி ராக்கெட் மாதிரி மேலே போனது என்று சொல்கிறவர்களின் பறப்புப் பதிவுகளை (ஆட்டோபைலட் எழுதிவைக்கும் அளவுகளை) திறந்து பார்த்தால், நான் பார்த்தவரை, பெரும்பாலும் இந்தக் கதைதான் உள்ளே இருக்கிறது.

ஆர்டுபைலட் தன் பதிவில் அதிர்வைத் தனியாக எழுதி வைக்கிறது. வினாடிக்கு வினாடி 30 மீட்டருக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, 60-ஐத் தாண்டினால் உயரம் பிடிப்பதில் ஏறக்குறைய நிச்சயமாகப் பிரச்சினை. கூடவே, எத்தனை முறை வெட்டுப்பட்டது என்ற எண்ணிக்கையும் இருக்கும். கையால் ஹோவர் செய்துவிட்டு இறக்கி, இந்த இரண்டையும் பார்க்காமல் ஆல்டிட்யூட் ஹோல்டு ஸ்விட்சைத் தொடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன்.

அதிர்வின் மூலத்தைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் அங்கே ஹெலி நேரடியாகப் பேசும். முதலில் பிளேடுகளின் தடம். ஹோவரில் பக்கவாட்டிலிருந்து, பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்த்தால், சுற்றும் தட்டு ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் ஒரு பிளேடு மற்றதைவிட உயரத்தில் பறக்கிறது, அந்தப் பிளேடுக்குப் போகும் இணைப்புக் கம்பியான லிங்க்கை அரைச்சுற்று திருகிச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் வால். ஃபின் (வாலில் செங்குத்தாக நிற்கும் தகடு) தெளிவான ஓரத்தோடு தெரியாமல் கலங்கலாகத் தெரிந்தால், டெயில் ஷாஃப்டோ அங்கிருக்கும் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். டெயில் ஷாஃப்டைக் கழற்றிச் சமதளக் கண்ணாடியின் மேல் உருட்டுவேன். நேரான ஷாஃப்ட் சத்தமில்லாமல் உருளும். கண்ணுக்கே தெரியாத வளைவு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் "டிக்" என்று தட்டும், விளக்கொளி ஷாஃப்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய கோடாக வந்து வந்து மறையும். அந்தக் கோட்டின் தடிமன் ஒரு தாளளவுகூட இருக்காது. ஆனால் அதே ஷாஃப்ட் 135 ஹெர்ட்ஸில் சுற்றும்போது பதிவில் அதற்கென்று தனியாக ஒரு கூர்முனை எழுந்து நிற்கும்.

மூலத்தைச் சரிசெய்த பிறகுதான் போர்டை மெத்தென்று ஒட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், தடித்த ஜெல் பட்டையில் தொடங்குகிறார்கள். பட்டை ரொம்ப மிருதுவானால் போர்டு தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கும், ஜைரோவும் அதோடு ஆடும். போர்டுக்கு அடியில் சிறு உலோகத் தகடு வைத்து எடையைக் கூட்டி, நடுத்தர மிருதுவில் ஒட்டுவது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. வயர்களையும் இறுக்கமாக இழுத்துக் கட்டக் கூடாது, இல்லாவிட்டால் அதிர்வு அவற்றின் வழியே உள்ளே வரும். மிச்சம் இருப்பதை நாட்ச் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ரோட்டர் வேகத்தை அளந்து, அந்த அலைவெண்ணையும் அதன் மடங்குகளையும் மட்டும் வெட்டியெடுக்கும் வசதி இது. ரோட்டர் வேகம் நிலையாக இருப்பதால் ஹெலிக்கு இது அற்புதமாகப் பொருந்தும்.

ரோட்டர் வேகம் என்றதும் கவர்னர். தூக்குவிசை சுற்று வேகத்தின் இருமடி விகிதத்தில் மாறும். 5 சதவீதம் வேகம் குறைந்தால் தூக்குவிசை ஏறத்தாழ 10 சதவீதம் போய்விடும். இப்போது பாருங்கள், உயரம் குறைந்தது என்று ஆட்டோபைலட் கலெக்டிவை ஏற்றுகிறது. பிளேடின் இழுவை கூடி மோட்டார் திணறி வேகம் குறைகிறது. எதிர்பார்த்த தூக்குவிசை வரவில்லை என்று இன்னும் ஏற்றுகிறது. அதற்குள் கவர்னர் விழித்துக்கொண்டு வேகத்தை மீட்கிறது, இப்போது தூக்குவிசை அதிகம், ஹெலி மேலே தாண்டுகிறது. இரண்டு கட்டுப்பாடுகளும் மாறி மாறி ஒன்றையொன்று துரத்தும். வெளியிலிருந்து பார்த்தால் மெதுவான ஊஞ்சல், காதில் கேட்டால் மோட்டார் ஒலி ஏறி இறங்கும். உயரம் ஊசலாடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று, பக்கத்தில் வேறொருவர் பறக்கவிடும்போது, சொல்வேன். ஒலியும் சேர்ந்து ஊசலாடினால் கவர்னரைப் பாருங்கள். ஒலி நிலையாக இருந்து உயரம் மட்டும் ஆடினால் மட்டுமே உயரத்தின் பிஐடிக்குப் போங்கள்.

இதனால்தான் கட்டுப்பாட்டு வளையங்களை (அளந்து, ஒப்பிட்டு, திருத்தும் சுற்றுகளை) உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் சரிசெய்கிறோம். முதலில் சுழல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வளையம், அதாவது ஃப்ளைபாரின் வாரிசு. அடுத்து சாய்வுக் கோணம். ஹோவரில் நிற்கும் ஹெலி உண்மையில் நேராக நிற்பதில்லை, டெயில் ரோட்டர் பக்கவாட்டில் தள்ளுவதைச் சமன்செய்யக் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும் பெரும்பாலான மாடல்களில் வலப்பக்கம் சாய்வு. ஆட்டோபைலட்டை முழு மட்டத்தில் நிறுத்தினால் ஹெலி இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதைக் காற்று என்று நினைத்துக்கொள்வோம். அதற்கடுத்து ஏறும் இறங்கும் வேகம், அதற்கும் வெளியே உயரம். சாய்ந்து பறக்கும்போது தூக்குவிசையின் செங்குத்துப் பங்கு குறைவதையும் ஈடுகட்ட வேண்டும். 30 பாகை சாய்வில் 15 சதவீதம் கூடுதலாகத் தூக்க வேண்டும், 45 பாகையில் 41 சதவீதம். சாய்வு மதிப்பீடு தவறினால் இந்த ஈடும் தவறும், குற்றம் மறுபடி உயரத்தின் தலையில்.

அதிகம் பேசப்படாத, ஆனால் ஹெலிகளை உடைக்கும் விஷயம் ஸ்டிக். 3டி பறப்புக்கு (தலைகீழாகவும் பறக்கும் சாகசப் பறப்புக்கு) அமைத்த ஹெலியில் கலெக்டிவ் ஸ்டிக் நடுவில் இருந்தால் பிளேடு கோணம் பூஜ்யம். ஹோவருக்கு ஐந்து, ஐந்தரை பாகை வேண்டும், அது ஸ்டிக்கின் முக்கால் தூரத்துக்குச் சற்றுக் கீழே. ஆல்டிட்யூட் ஹோல்டிலோ நடுப்பகுதி என்றால் "இங்கேயே நில்", அதற்கு மேலே "ஏறு". ஆர்டுபைலட்டில் 40 முதல் 60 சதவீதம் வரை நிற்கும் பகுதி. இப்போது கையால் ஹோவர் செய்துகொண்டே ஸ்விட்சைப் போட்டால், ஸ்டிக் 70 சதவீதத்தில் இருப்பதால் ஹெலி உடனே ஏறத் தொடங்கும். நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள், நிற்கிறது, மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் கழித்து ஸ்விட்சை அணைக்கிறீர்கள். ஸ்டிக் நடுவில். பிளேடு கோணம் பூஜ்யம். 10 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர சில வினாடிகளே போதும். பழகும் காலத்தில், ஸ்டிக்கின் எந்த நிலைக்கு எந்தக் கோணம் என்று சொல்லும் பிட்ச் வளைவையே மாற்றி, ஹோவர் கோணம் ஸ்டிக்கின் நடுவில் விழும்படி அமைத்துவிட வேண்டும். அப்போது எந்தப் பக்கம் ஸ்விட்சைப் போட்டாலும் கை ஒரே இடத்தில் இருக்கும். தலைகீழாகப் பறக்கும் ஆசையை இன்னொரு பறப்பு முறைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

தரையை ஒட்டியும் ஆட்டோபைலட்டை நான் நம்புவதில்லை. தரை அருகே ரோட்டரின் காற்று வெளியேற இடமில்லாமல் தூக்குவிசை கூடும். சீஸ்மனும் பென்னட்டும் 1955-இல் தந்த சூத்திரப்படி, ரோட்டர் அதன் ஆரத்தின் அளவு உயரத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். 600 அளவு ஹெலி காலூன்றி நிற்கும் உயரத்தில் 20 சதவீதத்தைத் தொடும். ஆரத்தைப் போல இரு மடங்கு உயரத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதே நேரம் ரோட்டருக்கு அடியில் அழுத்தம் கூடுவதால் பாரோமீட்டர் இருப்பதைவிடத் தாழ்வாகக் காட்டும். ஒரே சமயத்தில் இரண்டும். கையால் எழும்பி, நன்றாக மேலே போன பிறகே ஸ்விட்ச்.

இறங்கும்போது வேறொரு சங்கதி. ரோட்டர் ஹோவரில் கீழே தள்ளும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்றரை கிலோ எடை, 1.35 மீட்டர் விட்டம் என்றால் வினாடிக்கு 3.2 மீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் பாதியை எட்டும்படி நேர் கீழே இறங்கினால், ரோட்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே விழத் தொடங்கும். சுழல் வளையம் உருவாகி ஹெலி குலுங்கும், தூக்குவிசை கரையும். ஆட்டோபைலட் இதைப் பார்த்து என்ன செய்யும்? வேகமாக இறங்குகிறோம் என்று கலெக்டிவை ஏற்றும். அது சுழலுக்குத் தீனி போடுவது. தேவையானது முன்னோக்கி நகர்ந்து புதிய காற்றுக்குள் போவது, ஆனால் உயரம் பிடிக்கும் வளையத்துக்கு முன்னோக்கி என்ற திசையே தெரியாது. இறங்கும் வேக வரம்பை வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் குறைத்துவைத்து, கொஞ்சம் முன்னேறிக்கொண்டே இறங்குவது என் வழக்கம்.

கடைசியாக, மோட்டார் நின்றால். ஹெலியின் பெருமையே, மோட்டார் போனாலும் இறக்க முடியும் என்பது. கலெக்டிவை உடனே இறக்கிப் பிளேடைச் சற்று எதிர்மறைக் கோணத்துக்குக் கொண்டுபோனால், கீழிருந்து வரும் காற்று ரோட்டரைச் சுற்றவைக்கும். தரை நெருங்கியதும் சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவழித்து மெல்ல உட்காரலாம். இதுதான் ஆட்டோரொட்டேஷன். இந்தக் கணத்தில் ஆல்டிட்யூட் ஹோல்டு இயங்கிக்கொண்டிருந்தால் சரியாக நேர்மாறானதைச் செய்யும். உயரம் குறைகிறதே என்று கோணத்தை ஏற்றும், ரோட்டரின் சுழற்சி ஓரிரு வினாடியில் வற்றிவிடும். வேகம் போன ரோட்டரை எந்த விமானியாலும் மீட்க முடியாது. ஆட்டோரொட்டேஷனுக்கென்றே தனி முறையை ஆர்டுபைலட் ஹெலியில் எழுதியிருக்கிறார்கள், அது நல்ல செய்தி. ஆனாலும் மோட்டாரை அணைக்கும் த்ராட்டில் ஹோல்டு ஸ்விட்ச் என் விரலுக்கடியில் இருக்கிறது, அதைப் போட்ட கணமே கலெக்டிவ் என் கைக்கு வந்தாக வேண்டும்.

அதனால் புதிதாக அமைத்த எந்த ஹெலியையும் திடலுக்கு எடுத்துப்போகும் முன் மேசையில் பிளேடுகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மூன்று வயரையும் பிடுங்கிவிட்டுச் சோதிக்கிறேன். ஆல்டிட்யூட் ஹோல்டைப் போடுகிறேன். ஹெலியைக் கையில் தூக்கி மெல்ல உயர்த்தினால் ஸ்வாஷ்பிளேட் இறங்குகிறதா, தாழ்த்தினால் ஏறுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு தாழ்த்திக்கொண்டிருக்கும்போதே த்ராட்டில் ஹோல்டைப் போட்டு, ஸ்டிக்கை அடிவரை இழுக்கிறேன். ஸ்வாஷ்பிளேட் தயங்காமல் ஸ்டிக்கோடு இறங்க வேண்டும். அரை வினாடி யோசித்தாலும், அந்த அமைப்பைச் சரிசெய்யும்வரை ஆல்டிட்யூட் ஹோல்டை எந்த ஸ்விட்சிலும் நான் இணைப்பதில்லை.